இது பொடுகு இல்லை, தொத்தாது, பூவும் வைப்பேன்!

என் பீரோவில் கறுப்பு ஜாக்கெட் ஒன்றுகூடக் கிடையாது. கருநீலம், பாட்டில் பச்சை, மெரூன் எதுவும் இல்லை. சந்தன நிறம், வெளிர் சாம்பல், கிரீம், வெள்ளையில் சின்னப் பூப் போட்டது... இவைதான் வரிசையாகத் தொங்கும். "உனக்கு லைட் கலர்தான் பிடிக்குமா?" என்று ஆபீஸில் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது மயில் கழுத்து நீலம். ஆனால், அந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மாவு சலித்த மாதிரி இரண்டு தோளிலும் வெள்ளைத் தூள் விழுந்து கிடக்கும்.

பதினோரு வருடங்களாக எனக்குத் தலையில் சொரியாசிஸ். திருச்சி தென்னூரில் குடியிருக்கிறேன். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை. கணவர், மாமியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் என்று சின்னக் குடும்பம். இடுப்பு வரை முடி உண்டு. இந்த நோயோடு இந்த முடியை எப்படிக் காப்பாற்றி வருகிறேன் என்பதை எழுதச் சொல்லித் தோழிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு இதே பிரச்னை இருக்கிறது என்பது, நான் வாய் திறந்து பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பொடுகுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதலில் பொடுகு மாதிரிதான் வந்தது. பின்னங்கழுத்தில் முடி தொடங்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு. பொடுகு ஷாம்பு போட்டும் போகவில்லை. மெல்ல காதுக்குப் பின்னால் வந்தது, பிறகு நெற்றி ஓரத்தில் முடியைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அப்போதுதான் தோல் மருத்துவரிடம் போனேன்.

டாக்டரம்மா தலையை நாலு பக்கமும் பிரித்துப் பார்த்தார். கை நகங்களைப் பார்த்தார், முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். "தலையைக் காட்ட வந்தா நகத்தை ஏன் பார்க்கிறாங்க?" என்று எனக்கு ஆச்சரியம். நகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருந்தால், அது சொரியாசிஸுக்கு ஓர் அடையாளமாம். என் கட்டைவிரலில் நாலைந்து குழிகள் இருந்தன.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம் தோலின் மேல் அடுக்கு உதிர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். சாதாரணமாக ஒரு செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அந்த வேலை மூன்று, நான்கு நாளிலேயே நடந்துவிடுகிறது. பழையது உதிர்வதற்குள் புதியது வந்து மேலே ஏறிக்கொள்கிறது. அதனால்தான் வெள்ளி நிறத்தில் அடை அடையாகச் செதில் கட்டுகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தேவையில்லாமல் பரபரப்பதால் வரும் விளைவு இது. கிருமி கிடையாது. அதனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு, மெல்லிசாக, கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். சொரியாசிஸ் செதில் தடிப்பாக, காய்ந்து இருக்கும். கீழே தோல் சிவந்திருக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்குக் கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்தோ தெரியலாம். பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் வரும். சிலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாம் மட்டும் இல்லை

உலகம் முழுக்க 100 பேரில் சுமார் இரண்டு, மூன்று பேருக்குச் சொரியாசிஸ் இருப்பதாகக் கணக்கு சொல்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலையிலும் வருகிறது. அப்படிப் பார்த்தால், காலையில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நெரிசலோடு கிளம்புகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவராவது இருக்கலாம். ஆனால், யாரும் சொல்வதில்லை. பொடுகு என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மறைப்பதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது. ரொம்ப காலம் இதைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டையும் 1841-ல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர், வியன்னாவில் இருந்த தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா. அதற்கு முன்பு தோலில் செதில் உதிர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஊருக்கு வெளியே துரத்தப்பட்டவர்கள் எத்தனை பேரோ!

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்குக்கு ஆறு வயதிலேயே இந்த நோய் வந்தது. தன் தோலோடு தான் நடத்திய போரைப் பற்றி 1985-ல் அவர் நீண்ட கட்டுரையே எழுதினார். டி.வி. பிரபலம் கிம் கர்தாஷியன், தனக்குச் சொரியாசிஸ் இருப்பதை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2014-ல் உலக சுகாதார அமைப்பின் மாநாடு, இது தொற்றாத, நீண்ட நாள் நோய் என்று தீர்மானமே போட்டு, நோயாளிகளை ஒதுக்கும் வழக்கத்தை நிறுத்த நாடுகள் முயல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், ஒரு பார்லர். உறவுக்காரக் கல்யாணத்துக்கு முன்னால் முடியின் நுனியைச் சமமாக வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, துணி போர்த்தி, சீப்பை எடுத்த பெண் என் பின்னங்கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உள்ளே போய் ஓனரைக் கூட்டி வந்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், மத்த கஸ்டமர்ஸ் பாத்தா பிரச்னையாயிடும்" என்றார் அவர். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைப்பையைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீட்டிலேயே பார்லர் வைத்திருக்கும் ஓர் அக்காவிடம்தான் போகிறேன். போன முதல் நாளே, உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்: "அக்கா, எனக்குத் தலையில சொரியாசிஸ் இருக்கு. தொத்தாது. சீப்பை அழுத்திச் சீவாதீங்க, டிரையர் வேண்டாம், கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து வரேன்." அவர் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி தெளிச்சா எரியுமா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரிக் கேள்விதானே நமக்கு வேண்டும்!

என் தலைக்குளியல் இப்படித்தான்

ஞாயிறு, புதன் என்று வாரத்துக்கு இரண்டு நாள். வெயில் காலத்தில் மூன்று நாள். இது என் டாக்டர் எனக்குச் சொன்ன முறை. உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

முதல் வேலை, செதிலை ஊற வைப்பது. காய்ந்த செதிலின் மேல் எந்த மருந்தைப் போட்டாலும் அது தோலுக்குப் போய்ச் சேராது. அடைக்கு மேல் நெய் தடவின மாதிரி மேலேயே நிற்கும். அதனால் தேங்காய் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, வகிடு வகிடாகப் பிரித்து, திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் பஞ்சால் ஒற்றி வைப்பேன். அரக்கித் தேய்ப்பதில்லை. ஒரு மணி நேரம் ஊறும். செதில் ரொம்பத் தடித்திருக்கும் வாரங்களில், டாக்டர் எழுதிக் கொடுத்த சாலிசிலிக் ஆசிட் கலந்த லோஷன். செதிலை இளக்குவதுதான் அதன் வேலை.

ஊறியதும், அகலப் பல் சீப்பைத் தலையோடு படுக்க வைத்த மாதிரிப் பிடித்து மெதுவாக வருடினால், வர வேண்டிய செதில் தானே வரும். வராததை விட்டுவிட வேண்டும். நகத்தால் நெம்பி எடுப்பது கூடவே கூடாது. காயம் பட்ட இடத்தில் புதிதாகச் சொரியாசிஸ் கிளம்புவது இந்த நோயின் குணம். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிச் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். இன்றும் டாக்டர்கள் அதை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

அடுத்து, தார் ஷாம்பு. நிலக்கரித் தார் கலந்தது. மழையில் நனைந்த தார் ரோடு வாசனை வரும். இதை முடி முழுக்கப் பூச வேண்டியதில்லை. இது தலைத் தோலுக்கான மருந்து. போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். போட்ட கையோடு அலசினால் பலன் இல்லை. நான் ரேடியோவில் இரண்டு பாட்டு ஓடும் வரை காத்திருப்பேன். பிறகு அலசிவிட்டு, வாசனை போகச் சாதாரண மைல்ட் ஷாம்பு கொஞ்சம். கண்டிஷனர் முடியின் பாதியிலிருந்து நுனி வரை மட்டும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நிமிடம் அரிப்புக்கு இதமாக இருக்கும், பிறகு தோல் இன்னும் காய்ந்து இரண்டு மடங்கு அரிக்கும். எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் முடி சிக்குப் பிடித்துக்கொள்ளும். அதனால் கடைசி இரண்டு சொம்பு மட்டும் காலையில் பிடித்து வைத்த காவிரித் தண்ணீர். "ராணிக்குப் பன்னீர் ரெடி" என்று என் கணவர் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துகொண்டே வாளியைத் தூக்கி வந்து வைப்பதும் அவர்தான்.

முடி பாதி காய்ந்ததும் மருந்து. ஸ்டீராய்டு லோஷனை இரவில் வகிடு எடுத்துத் திட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முடியில் பட்டால் வீண். நாமே நம் பின்தலையைப் பார்க்க முடியாது என்பதால், இதற்கு வீட்டில் ஒருவர் துணை வேண்டும். எனக்கு மகள். கையில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்த வாரம் இடது காது பக்கம் நல்லா அடங்கியிருக்கு" என்று ரிப்போர்ட் கொடுப்பாள்.

இந்த லோஷனில் ஓர் எச்சரிக்கை. போட்ட சில நாளில் அரிப்பு அடங்கி, திட்டு மறைந்து, மந்திரம் போட்ட மாதிரி இருக்கும். அந்த ஆசையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. நாள்பட்டால் தோல் மெலிந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரவும் கூடும். எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு, தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் இல்லை. அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள், மற்ற நாளில் ஸ்டீராய்டு இல்லாத வேறு மருந்து.

பூ, டை, ஹெல்மெட்...

பூ வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்ரீரங்கம் பக்கத்தில் இருந்துகொண்டு பூ வைக்காமல் எப்படி? வைப்பேன். ஆனால், பின்னங்கழுத்துத் திட்டின் மேல் உரசும்படி கனத்த சரமாக வைக்காமல், பின்னல் தொடங்கும் இடத்துக்குக் கீழே, முடியில் மட்டும் மாட்டுகிற மாதிரி ஒரு முழம். தோலில் குத்தும் ஊசிக்குப் பதில் வழவழப்பான கிளிப். இழுத்துப் பின்னுவதும், உச்சியில் இறுக்கிக் கொண்டை போடுவதும் இல்லை. தளர்ந்த பின்னல்தான்.

சீயக்காய் பிடித்தவர்கள் நைஸாக அரைத்துச் சலித்ததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நொரநொரப்பான பொடி வெடித்த தோலில் கீறிவிடும். எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, வினிகர் என்று செல்போனில் வரும் வைத்தியம் எதுவும் வெடிப்பு இருக்கும் தலைக்கு ஆகாது. எரிந்து தள்ளிவிடும்.

நரை எட்டிப் பார்க்கிற வயது எனக்கு. டை போடலாம், ஆனால் தலை அமைதியாக, வெடிப்போ புண்ணோ இல்லாத காலத்தில் மட்டும். அதுவும் காதுக்குப் பின்னாலோ, முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு. கறுப்பு மெஹந்தி என்று விற்பதில் பலவற்றில் டையில் இருக்கும் அதே ரசாயனம் உண்டு. வெறும் மருதாணி இலை வேறு, அது வேறு.

திருச்சி வெயில் தெரியுமே! சித்திரையில் ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை குளித்த மாதிரி இருக்கும். வேர்வை ஊறினால் அரிப்பு. உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்கிறேன், தினமும் துவைத்தது. ஆபீஸ் போனதும் ஐந்து நிமிடம் முடியை அவிழ்த்துக் காற்றாட விடுவேன். மார்கழியில் இதற்கு நேர்மாறு. பனிக்காற்றில் தோல் வறண்டு, வருடத்திலேயே அதிகமாகச் செதில் உதிரும் மாதம் எனக்கு அதுதான்.

முடி கொட்டுகிறதே என்று பயப்படுபவர்களுக்கு ஓர் ஆறுதல். சொரியாசிஸால் கொட்டும் முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். சொறிவதாலும் செதிலைப் பிய்ப்பதாலும்தான் முடி அதிகம் போகிறது. இரவில் தூக்கத்தில் கை தானாகப் போகும் என்பதால் நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறேன். அரிக்கும் இடத்தில் விரல் நுனியால் தட்டுவேன், இல்லாவிட்டால் ஈரத் துணியை ஒற்றி எடுப்பேன்.

சமயபுரத்தம்மாவுக்கு வேண்டுதல்

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதினோரு வருடத்தில் எனக்கு மிகவும் கஷ்டமான விஷயம்.

என் மாமியாருக்குச் சமயபுரம் மாரியம்மன் என்றால் உயிர். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கினால் வீட்டிலும் விரத சமையல்தான். பக்தர்களுக்காக அந்த அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று வருடத்துக்கு முன்னால், எனக்கு ரொம்ப அதிகமாகித் தலை முழுக்கத் திட்டாக இருந்த சமயத்தில், அத்தை ஒருநாள் சொன்னார்கள்: "கண்ணு, உனக்கு மொட்டை போடறதா ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். முடியோட எல்லாம் போயிடும்."

நான் வாயடைத்துப் போனேன். முடி போகிறதே என்பது ஒரு பக்கம். அந்த முடிக்காக எத்தனை இரவு வகிடு எடுத்து மருந்து போட்டிருக்கிறோம் என்பது இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், அத்தை தொடர்ந்து சொன்னது: "நாளைக்கு நம்ம பொண்ணைக் கேட்டு வர்றவங்க, அம்மாவுக்கு என்ன வியாதின்னு கேட்டா என்னம்மா சொல்றது?" பாசமும் பயமும் ஒன்றாகப் பிசைந்து வந்த பேச்சு. அதற்குக் கோபப்படவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

டாக்டரிடம் அத்தையையும் கூட்டிப் போனேன். டாக்டரம்மா வேண்டுதலைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "முடி இல்லேன்னா மருந்து போடறது சுலபம்தான் பாட்டி, உண்மை. ஆம்பளைங்களை ஒட்ட வெட்டிக்கச் சொல்றதும் உண்டு. ஆனா வியாதி முடியில இல்ல, தோல்ல இருக்கு. உங்க மருமகளுக்கு இப்போ தலை முழுக்க வெடிச்சிருக்கு. சவரக்கத்தி பட்டா அங்கங்க கீறும். கீறின இடமெல்லாம் புதுசா வரும். இப்போ வேண்டாம்" என்றார்.

வரும் வழியில் ஆட்டோவில் அத்தை ஒன்றும் பேசவில்லை. வேண்டுதலை நிறுத்துவதா என்ற கவலை முகத்தில் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "நீ பூமுடி குடு. மொட்டையை நான் போட்டுக்கறேன்."

பூமுடி என்றால் கத்தரிக்கோலால் சின்னக் கொத்தாகக் கொஞ்சம் முடியை மட்டும் வெட்டிக் காணிக்கை கொடுப்பது. சவரக்கத்தி தலையில் படாது. பெண்கள் பலரும் செய்வதுதான். என் நுனி முடியைக் கொடுத்துவிட்டு, 67 வயதில் எனக்காகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அவர்கள் சிரித்தபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

என் நோய் அதனால் போய்விடவில்லை. இது அடங்கும், திரும்ப வரும். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை, கட்டுப்படுத்தும் மருந்துகள்தான் உண்டு. ஆனால், அந்த மொட்டை வேறு ஒன்றைச் செய்தது. ஒரு மாதம் கழித்து, உழவர் சந்தைக்குப் போய் வந்த அத்தை காய்கறிக் கூடையை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "யாரும் என் கண்ணைப் பாத்துப் பேசமாட்டேங்கறாங்கம்மா. தலையைப் பாத்தே பேசறாங்க. உனக்கு எத்தனை வருஷமா இப்படி இருந்திருக்கும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "கல்யாணத்துக்கு என்ன சொல்றது" என்ற பேச்சு எழவில்லை. யாராவது கேட்டால், "அது தொத்து வியாதி இல்லீங்க" என்று முதலில் பதில் சொல்வது அத்தைதான்.

"எனக்கும் வருமா அம்மா?"

போன வருடம் ஒரு காதுகுத்து வீட்டில், என் மகள் என் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினாள். உறவுக்காரர் ஒருவர் பதறிப்போய், "உங்கம்மா சீப்பா? வெச்சிடு, வெச்சிடு" என்று பிடுங்கப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே, "இது சீப்புல வராது சித்தி" என்று முழுதாக வாரி முடித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஆனால், அன்றைக்கு இரவு மருந்து போடும்போது கேட்டாள்: "சீப்புல வராது, சரி. உன்கிட்டேருந்து எனக்கு வருமா அம்மா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. இதில் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனாலும், அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மன அழுத்தம், தொண்டைத் தொற்று, காயம், சில மருந்துகள், புகை, மது என்று தூண்டிவிட வேறு காரணங்களும் சேர வேண்டும். டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். "வந்தா?" என்றாள். "வந்தா, எங்கே போகணும், என்ன செய்யணும்னு நமக்கு முதல் நாளே தெரியும். உனக்கு டார்ச் பிடிக்க நான் இருக்கேன்" என்றேன். "சரி, அசையாதே. மருந்து வழியுது" என்றாள்.

எப்போது கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும்?

காலையில் எழுந்ததும் விரல் மூட்டு, முட்டி, குதிகால் இறுகிப்போய் அரை மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியவில்லை என்றால், அதைத் தனியாக மூட்டுவலி என்று தள்ளிவிடாதீர்கள். சொரியாசிஸ் சிலருக்கு மூட்டையும் தாக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் மூட்டுச் சேதமாவதைத் தடுக்கலாம். தலையில் நீர் வடிந்தாலோ, காய்ச்சலோடு உடம்பு முழுக்கச் சிவந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

தனியார் டாக்டருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். வெட்பாலைத் தைலம் போன்ற சித்த மருந்து எடுப்பவர்களும் உண்டு. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும், அந்த எண்ணெய்தான். அதை எடுப்பதானால் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் எடுங்கள், தோல் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, இந்த நோய் இல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் கழுத்தோரம் செதில் தெரிந்தால், பையை மடிக்கு இழுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்தவராக இருந்தால் வைத்தியம் சொல்லவும் வேண்டாம், அவர் நூறு வைத்தியம் கேட்டுவிட்டுத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். தோளில் தூள் விழுந்திருந்தால் யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொல்லுங்கள், தட்டிவிட்டுக்கொள்வார். எங்கள் ஆபீஸில் ஒரு தோழி அப்படித்தான். ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டிவிட்டு, "வா, டீ குடிக்கலாம்" என்பாள்.